லைவ் ஆல்பம் என்றால் என்ன? ‘லைவ்/டெட்’டை வைத்து ஓர் எளிய விளக்கம்

‘லைவ் ஆல்பம்’ என்று சொன்னதும் பெரும்பாலானவர்கள் மனதில் வருவது ஒரே ஒரு படம்தான். மேடையில் கச்சேரி நடக்கிறது, ஓரமாக ஒருவர் ரெக்கார்டர் பட்டனை அழுத்துகிறார், கச்சேரி முடிந்ததும் அதை அப்படியே தட்டாக அடித்து விற்கிறார்கள். இதற்கு நேர் எதிரான எண்ணமும் உண்டு. லைவ் ஆல்பம் எல்லாமே ஏமாற்று, பிறகு ஸ்டூடியோவில் உட்கார்ந்து சரிசெய்து கைதட்டலை ஒட்டி விடுகிறார்கள் என்பார்கள். இணையத்தில் இசை பேசும் இடங்களில் இந்த இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறேன். உண்மையில் நடப்பது இரண்டுமே இல்லை. எப்படித்தான் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் கேட்கும் இன்பம் கூடும் என்பது என் அனுபவம்.

இதை விளக்க நான் எடுத்துக்கொள்வது ‘லைவ்/டெட்’. கலிபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் என்ற சைகடெலிக் ராக் குழு 1969 நவம்பரில் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு. லைவ் ஆல்பம் பற்றிய கேள்விகள் அத்தனைக்கும் இந்த ஒரே ஆல்பத்தில் பதில் இருக்கிறது.

முதலில் ஒரு கல்யாண வீடியோ

கல்யாண வீடியோவை நினைத்துப் பாருங்கள். மணமேடைக்கு முன்னால் ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒன்று, பந்தியில் ஒன்று. மூன்றும் சேர்ந்தால் பத்து மணி நேரப் படம் இருக்கும். வீட்டுக்கு வரும்போது அது இரண்டு மணி நேரமாகி இருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் ஒரு கேமராவை மாமா மறைத்திருப்பார், அங்கே இன்னொரு கேமராவின் படம் வரும். அதனால் யாரும் “இது பொய்க் கல்யாணம்” என்று சொல்வதில்லை. தாலி கட்டியது உண்மை. ஆனால் நாம் பார்ப்பது யாரோ ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, வெட்டி, வரிசைப்படுத்திய ஒன்று.

லைவ் ஆல்பமும் இப்படித்தான். ஆட்கள் முன்னால் வாசித்ததைப் பதிவு செய்து, அதிலிருந்து தேர்ந்து, ஒலியைச் சமன் செய்து, கோத்துத் தருவது. ‘லைவ்/டெட்’டில் ஏழு பகுதிகள் இருக்கின்றன. அவை ஒரே இரவில் வாசித்தவை இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் அவலான் பால்ரூமில் 1969 ஜனவரி 26, ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் பிப்ரவரி 27, மார்ச் 2 என மூன்று இரவுகளிலிருந்து எடுத்தவை.

சைகடெலிக் என்ற சொல்

இந்தச் சொல்லையும் ரொம்பத் தளர்வாகப் பயன்படுத்துகிறோம். 1950களில் ஹம்ஃப்ரி ஓஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உருவாக்கியது இது. மனதை வெளிப்படுத்துவது என்று பொருள். எல்எஸ்டி போன்ற, மனமயக்கம் தரும் மருந்துகளைக் குறிக்க வந்த சொல், பிறகு இசைக்கும் வந்தது. டெட் குழுவுக்கு அந்தத் தொடர்பு நேரடியானது. 1965-66இல் எழுத்தாளர் கென் கீசியின் கூட்டம் எல்எஸ்டி எடுத்துக்கொண்டு நடத்திய விருந்துகளில் வாசித்துத்தான் அவர்கள் பழகினார்கள். அப்போது கலிபோர்னியாவில் அதற்குத் தடை இல்லை.

அதற்காக, போதையில் வாசித்தால் அது சைகடெலிக் இசை என்று ஆகாது. காதால் கேட்டு அடையாளம் காணக்கூடிய குணங்கள் இந்த இசைக்கு இருக்கின்றன. பாட்டு நீளும், நேரம் இளகும், கிட்டாரின் ஒலியே உருமாறும், அடுத்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இதில் ‘நீளும்’ என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் லைவ் ஆல்பம் தேவைப்பட்டதே அதனால்தான்.

மூன்று நிமிடப் பாட்டு 23 நிமிடம் ஆனது எப்படி?

1968இல் இந்தக் குழு ‘டார்க் ஸ்டார்’ என்ற பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்து சிங்கிளாக, அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டாக, வெளியிட்டது. நீளம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கவனிப்பார் இல்லாமல் போனது. அதே பாட்டு ‘லைவ்/டெட்’டின் முதல் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது: 23 நிமிடத்துக்கும் மேல்.

வரிகள் கூடவில்லை. ராபர்ட் ஹன்டர் எழுதிய அந்தச் சில வரிகள்தான். இடையில் இருப்பதெல்லாம் ஜாம். மேடையிலேயே, முன்கூட்டி எழுதி வைக்காமல், ஒருவர் வாசிப்பதைக் கேட்டு இன்னொருவர் பதில் சொல்லி வளர்த்துக்கொண்டு போவதற்கு ராக் இசையில் அப்படிப் பெயர். கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. கீர்த்தனையின் சாகித்யம் நாலு வரி. அதன் மேல் நிரவலும் கற்பனை ஸ்வரமும் அரை மணி நேரம் ஓடும். நேற்று பாடியது இன்று வராது. அதைக் குறை என்று யாரும் சொல்வதில்லை, அதற்காகத்தான் போய் உட்காருகிறோம்.

ஒரு வித்தியாசம் முக்கியம். நம் கச்சேரியில் பாடகர் முன்னால் போவார், வயலின் பின்னால் வரும். ‘டார்க் ஸ்டார்’ பதிவில் முன்னால் போகிறவர் என்று ஒருவரைப் பிடித்துவிட முடியாது. ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் ஒரு சொற்றொடரைத் தொடங்கும். ஃபில் லெஷின் பேஸ் கிட்டார், அதாவது கனத்த தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார், அடியில் நின்று தாங்குவதை விட்டுவிட்டு மேலே வந்து எதிர்ப்பேச்சு பேசும். லெஷ் முன்பு ட்ரம்பெட் வாசித்தவர், நவீன செவ்வியல் இசையமைப்பைப் படித்தவர், 1965இல் இந்தக் குழுவில் சேர்ந்த பிறகுதான் பேஸ் கற்றுக்கொண்டார். அந்தக் கருவியில் வழக்கமாக என்ன செய்வார்கள் என்ற பழக்கம் அவர் கையில் இல்லாததுதான் நமக்குக் கிடைத்த லாபம் என்று நான் நம்புகிறேன். இவர்களோடு பாப் வியரின் இரண்டாவது கிட்டார், டாம் கான்ஸ்டன்டனின் ஆர்கன், பில் க்ரொய்ட்ஸ்மன், மிக்கி ஹார்ட் என இரண்டு டிரம்மர்கள், பிக்பென் என்று எல்லோரும் கூப்பிட்ட ரான் மெக்கெர்னன். மொத்தம் ஏழு பேர்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஸ்டூடியோ பாட்டுதான் அசல், மேடையில் வாசிப்பது அதன் நகல் என்பது பொதுவான நினைப்பு. இந்தக் குழுவுக்கு அது தலைகீழ். சிங்கிளில் வந்தது ஒரு குறிப்பு மாதிரி. பாட்டு உயிரோடு இருந்தது மேடையில்தான். அதைப் பிடிக்க ஸ்டூடியோவை மேடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

பதினாறு அறையுள்ள அஞ்சறைப் பெட்டி

சாம்பார் கொதித்து இறக்கியபின் “பெருங்காயம் தூக்கலாக இருக்கிறது, கொஞ்சம் எடுத்துவிடு” என்று சொல்ல முடியுமா? பழைய கச்சேரிப் பதிவுகள் அப்படிப்பட்டவை. மைக்கில் விழுந்ததெல்லாம் டேப்பில் ஒன்றாகக் கலந்து இறங்கிவிடும். டிரம் அதிகமாகக் கேட்டால் அதிகம்தான். பாடகர் குரல் அமுங்கினால் அமுங்கினதுதான்.

மல்ட்டிடிராக் பதிவு என்பது அஞ்சறைப் பெட்டி மாதிரி. கடுகு ஓர் அறையில், சீரகம் ஓர் அறையில் இருப்பதுபோல, ஒவ்வொரு மைக்கின் ஒலியும் ஒரே டேப்பில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில் தனித்தனியாகப் பதிவாகும். அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒரு டிராக். கச்சேரி முடிந்து ஆற அமர உட்கார்ந்து, எது எவ்வளவு என்று முடிவு செய்து கலக்கலாம். அந்தக் கலக்கும் வேலைக்கு மிக்ஸிங் என்று பெயர்.

1969 தொடக்கத்தில் 16 டிராக் என்பது புத்தம் புதிது. ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் அந்த இயந்திரம் வீடியோப் பதிவுக்குப் பயன்பட்ட 2 அங்குல அகல டேப்பில் ஓடியது. ஸ்டூடியோவில் அசையாமல் நிற்க வேண்டிய கனமான பொருள். பாப் மேத்யூஸ், பெட்டி கான்டர் என்ற இரண்டு ஒலிப்பதிவாளர்கள் அதைக் கச்சேரி அரங்கத்துக்கே கொண்டுபோனார்கள். ராக் கச்சேரி ஒன்றை 16 டிராக்கில் பதிவு செய்து வெளிவந்த முதல் ஆல்பம் என்று ‘லைவ்/டெட்’டைச் சொல்கிறார்கள்.

இயந்திரத்தைக் கொண்டுபோனால் போதாது. மேடையில் பாடகர் முன் ஒரே மைக்தான் இருக்கிறது. அதன் சிக்னல் அரங்கத்து ஸ்பீக்கருக்கும் போக வேண்டும், ரெக்கார்டருக்கும் போக வேண்டும். ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் எடுத்தால் இரண்டு பக்கமும் அழுத்தம் குறைவது போல, சும்மா வயரை இரண்டாகப் பிரித்தால் தரம் கெடும். தரம் கெடாமல் பிரித்துத் தரும் கருவியை ரான் விக்கர்ஷாம் என்ற பொறியாளர் செய்து கொடுத்தார். பெரிதாகப் பேசப்படாத வேலை இது. ஆனால் 55 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பதிவு இவ்வளவு தெளிவாகக் கேட்பதில் இதற்குப் பங்கு உண்டு.

பெட்டியின் அறைகள் முழுக்க அடைபட்டவை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டிரம் சத்தம் பாடகர் மைக்கிலும் விழும். கிட்டார் டிரம் மைக்கிலும் விழும். இதைக் கசிவு என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சொல் இன்னும் கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வாசிப்பு மேடையில் நடந்தது, ஒவ்வொரு கருவியும் தனித்தனிக் கோட்டில் பதிவானது, சமன் பார்த்துக் கலந்தது பிறகு.

பிளேடும் டேப்பும்

இனி சர்ச்சைக்குரிய இடத்துக்கு வருவோம். தட்டின் இரண்டாம் பக்கத்தில் ‘செயின்ட் ஸ்டீஃபன்’ முடியும் முன்பே ‘தி இலெவன்’ தொடங்கிவிடும். நடுவில் இடைவெளி கிடையாது, ஒரு பாட்டு இன்னொன்றாக உருகிப் போகும். அந்தக் குழுவின் ஒற்றுமைக்குச் சாட்சி என்று பலரும் காட்டும் இடம்.

அதில் முதல் பாட்டு பிப்ரவரி 27 இரவு ஃபில்மோர் வெஸ்டில் வாசித்தது. இரண்டாவது ஜனவரி 26 இரவு அவலானில் வாசித்தது. நடுவில் ஒரு மாத இடைவெளி இருக்கிறது, அரங்கமும் வேறு, கூட்டமும் வேறு. அவை சந்திக்கும் இடத்தில் இருப்பது ஒட்டு.

அந்தக் காலத்தில் ஒட்டு என்பது உண்மையிலேயே கைவேலை. டேப் விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு விழும் பாட்டில் ஒரு தட்டுக்கு அரை விநாடி, அதாவது ஏழரை அங்குல டேப். தாளம் கண்ணால் அளக்கக்கூடிய பொருளாகிவிடுகிறது. ரீலைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக உருட்டிக் கேட்பார்கள். டிரம் விழும் அந்தப் புள்ளி வரும்போது ‘தொம்’ என்ற ஒலி இழுபட்டு ஒரு உறுமலாகக் கேட்கும். அங்கே டேப்பின் முதுகில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு. நேராக வெட்டினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், சாய்வாக வெட்டினால் ஓர் ஒலி மங்கும்போதே இன்னொன்று எழும். இரண்டு முனைகளையும் சேர்த்துப் பின்பக்கம் ஒட்டுநாடா ஒட்டினால் முடிந்தது. இதில் எல்லாம் பொருந்த வேண்டும்: வேகம், சுருதி, சத்தத்தின் அளவு, அரங்கத்தின் எதிரொலி. ஏதாவது ஒன்று பிசகினால் தெருவில் வேகத்தடை ஏறியது மாதிரி காது தூக்கிப் போடும்.

சரி, அப்படியானால் இது ஏமாற்றா? நான் அப்படி நினைக்கவில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. பிப்ரவரி 27 இரவு ‘செயின்ட் ஸ்டீஃப’னுக்கு அடுத்து அவர்கள் வாசித்ததும் ‘தி இலெவன்’தான். அதன் பதிவும் இருக்கிறது. ஆல்பத்தில் கேட்கும் வரிசை அவர்கள் மேடையில் இரவுக்கு இரவு வாசித்த வரிசை. ஒட்டு போட்டவர்கள் நடக்காத ஒன்றை உருவாக்கவில்லை. அந்தப் பயணத்தில் ஒரு பாதியை ஓர் இரவிலிருந்தும் மறுபாதியை இன்னோர் இரவிலிருந்தும் எடுத்தார்கள். ஒட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கேட்டு வாசித்திருக்கிறார்கள். எனக்கு ‘லைவ்’ என்ற சொல்லின் பொருள் அதுதான்.

ஃபில்மோர் வெஸ்டில் பிப்ரவரி 27 முதல் மார்ச் 2 வரை நான்கு இரவுகளும் பதிவானதை 2005இல் பத்து சிடிக்களாக வெளியிட்டார்கள். நான்கு இரவிலும் ‘டார்க் ஸ்டார்’ இருக்கிறது. அவற்றைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஆல்பத்தில் சேர்த்ததை ஏன் தேர்ந்தார்கள் என்று யாரும் விளக்காமலே புரிந்துவிடும். இன்னொரு சின்ன விஷயம்: ஆல்பம் தொடங்கும்போது இசை மெல்ல மேலெழுந்து வருகிறதே, அதற்கும் காரணம் உண்டு. அன்றிரவு அதற்கு முன் வாசித்த ‘மவுண்டன்ஸ் ஆஃப் தி மூன்’ என்ற பாட்டின் வால் அது. ஓடும் ரயிலில் நாம் நடுவில் ஏறுகிறோம்.

ஓவர்டப்: இது வேறு விஷயம்

ஒட்டையும் ஓவர்டப்பையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே பதிவானதைப் போட்டுக் கேட்டுக்கொண்டே, அதன் மேல் புதிதாக ஒரு குரலையோ கருவியையோ பிறகு பதிவு செய்வதுதான் ஓவர்டப். கல்யாண வீடியோவில், மந்திரம் சரியாகக் கேட்கவில்லை என்று ஐயரை மறுவாரம் வரவழைத்துச் சொல்லவைத்துச் சேர்ப்பது போல.

இதே குழுவின் ‘யூரோப் ’72’ இதற்கு நல்ல உதாரணம். 1972இல் ஐரோப்பாவில் 22 கச்சேரிகள் செய்து பதிவு செய்து கொண்டுவந்தார்கள். ஆனால் ஆல்பத்தில் கேட்கும் குரல்களில் பெரும்பகுதி ஊருக்குத் திரும்பியபின் ஸ்டூடியோவில் மறுபடி பாடியது. கருவிகள் மேடையில் வாசித்தவை. நல்ல ஆல்பம்தான், நான் அடிக்கடி கேட்பேன். ஆனாலும் அதை ‘லைவ்/டெட்’டோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. பாடுகிறவர் அந்த நொடியில் கிட்டாரைக் கேட்கிறார், கிட்டார் அவரைக் கேட்கவில்லை. பேச்சு ஒருவழிப் பாதையாகிவிட்டது.

இங்கேதான் கசிவு வேலை செய்கிறது. பழைய குரல் டிராக்கை மொத்தமாக அழித்தாலும், டிரம் மைக்கிலும் கிட்டார் மைக்கிலும் கசிந்து விழுந்த பழைய குரல் அங்கேயே இருக்கும். புதுக் குரல் கொஞ்சம் முன்பின்னாக விழுந்தால் பின்னால் ஓர் ஆவி பாடுவது போலக் கேட்கும். நினைத்தபடியெல்லாம் லைவ் பதிவை மாற்றிவிட முடியாது. “எல்லாமே ஸ்டூடியோ வேலை” என்று சொல்வது எளிது, செய்வது கடினம்.

மண்டபத்து மைக் போடும் ‘கீ’

நான்காம் பக்கத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் போகும் ‘ஃபீட்பேக்’ என்ற பகுதி இருக்கிறது. புதிதாகக் கேட்கிறவர்கள் பலர் பதிவு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள்.

கல்யாண மண்டபத்தில் வாழ்த்திப் பேச வந்தவர் மைக்கோடு ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்தால் ‘கீ...’ என்று ஒன்று காதைக் கிழிக்கும், தெரியுமே? மைக்கில் விழுந்த ஒலி பெருகி ஸ்பீக்கரில் வருகிறது, அது மறுபடி மைக்கில் விழுகிறது, மறுபடி பெருகுகிறது. இந்தச் சுழற்சிக்குத்தான் ஃபீட்பேக் என்று பெயர். மின்கிட்டாரில் மைக்கின் இடத்தில் தந்தி இருக்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் தந்தியை அதிரவைக்கும், அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். விரல் படாமலே தந்தி பாடிக்கொண்டிருக்கும். வாசிப்பவர் ஸ்பீக்கரை நோக்கி ஓர் அடி வைத்தால், கிட்டாரைக் கொஞ்சம் திருப்பினால், சுரம் மாறும். மண்டபத்தில் நாம் பதறி அணைக்கும் அதே சுழற்சியை இவர்கள் பழக்கிப் பிடித்துவைத்து இசையாக்கினார்கள். எடுத்த எடுப்பில் பிடிக்காமல் போகலாம். எனக்கும் நாலைந்து தடவை ஆனது.

எங்கே காது வைப்பது?

முதல்முறை கேட்கிறவர் நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 20 முதல் 25 நிமிடம்தான் நன்றாக அடங்கும். அதற்கு மேல் திணித்தால் வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலி சன்னமாகும். அந்த எல்லைக்குள் கேட்பதற்காகத்தான் இது அடுக்கப்பட்டிருக்கிறது. நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

‘டார்க் ஸ்டா’ரில் குரல் வரச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை கிட்டாரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். ‘தி இலெவன்’ பாட்டுக்குப் பெயரே அதன் தாளத்தால் வந்தது, ஒரு சுற்றுக்கு 11 எண்ணிக்கை: மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. பாட்டு முழு வேகம் பிடித்ததும் ‘தகிட தகிட தகிட தக’ என்று சொல்லிப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். இப்படிச் சொல்லிப் பார்ப்பது வலிந்து பொருத்துவதும் இல்லை. டிரம்மர் மிக்கி ஹார்ட் தபலா மேதை உஸ்தாத் அல்லா ரக்காவிடம் கற்றவர். மூன்றாம் பக்கம் பிக்பென்னுடையது, 15 நிமிடம் கூட்டத்தோடு பேசிப் பாடி உசுப்பேற்றுகிறார். அங்கே ஆராய ஒன்றும் இல்லை, கூட ஆடலாம்.

நான்காம் பக்கம் மரணத்தைப் பற்றி ரெவரெண்ட் கேரி டேவிஸ் என்ற பாடகர் பாடிய ப்ளூஸ் பாட்டில் தொடங்கி, ஃபீட்பேக்கில் சிதறி, கடைசியில் ‘அண்ட் வீ பிட் யூ குட்நைட்’டுக்கு வந்து சேர்கிறது. சவ அடக்கத்தில் பாடும் ஒரு பழைய விடைபெறும் பாட்டு அது. 16 டிராக் இயந்திரம், இரண்டு டிரம், அத்தனை மின்சாரம் எல்லாம் அடங்கிவிடுகிறது. வெறும் குரல்கள் மட்டும் அரை நிமிடம் சேர்ந்து பாடுகின்றன, ஒருவர் சுருதி லேசாக விலகுகிறது, இன்னொருவர் வந்து சேர்ந்துகொள்கிறார், பாட்டு முடியும் முன்பே ஒலி மெல்ல மங்கிப் போகிறது.